இரண்டு தரம் அடித்து நின்ற போன்

யசோதினியின் கைபேசி எண் பதினேழு வருடமாக மாறவில்லை. வெளிநாட்டுச் சொந்தக்காரர் எத்தனை நல்ல போன் அனுப்பினாலும் உள்ளே போவது அதே எண்தான். வெள்ளவத்தையில் ஒரு கண் வைத்தியரின் கிளினிக்கில் முன்மேசையில் இருக்கிறாள். அங்கே அடிக்கிற போனையும் தன்னுடையதையும் முதல் மணியிலேயே எடுத்துவிடுவாள். "இந்தப் பிள்ளைக்கு வேலையிலை என்ன அக்கறை" என்று டொக்டரின் மனைவி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் புகழ்வார். அது அக்கறை இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்து வைத்திருப்பதில் பெருமை ஒன்றும் கிடையாது. அந்தப் பழக்கத்தில் எனக்கும் பங்கு உண்டு.

நான் செலீன், கொட்டாஞ்சேனைக்காரி. அப்பா பேர்னாட் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். நானும் யசோதினியும் பம்பலப்பிட்டியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தோம். பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அங்கே நடந்ததை நடத்தியது கட்டடம் அல்ல, நாங்கள்.

2008 தை மாதம் அவள் பத்தாம் வகுப்புக்கு வந்தாள். ஒரு கண்ணில் கட்டு, இறுக்கிப் பின்னிய இரட்டைப் பின்னல், எல்லோரையும் "நீர்" என்று கூப்பிடுகிற கிளிநொச்சித் தமிழ். தாய் இல்லை. தகப்பன் தில்லைநாதன் அங்கே ஒரு கூட்டுறவுக் கடையில் மனேஜர். வன்னியை விட்டு வெளியேற அந்த நாளில் புலிகளின் பாஸ் வேண்டும். போகிறவர் திரும்பி வருவார் என்று ஒருவர் பிணை நிற்கவும் வேண்டும். கண் ஒப்பரேஷன் என்று சொல்லி மகளை அனுப்பிவிட்டுப் பிணை நின்றவர் அந்த மனிதர்தான். திரும்பி வராதே என்று காதில் சொல்லித்தான் அனுப்பினாராம். அவள் திரும்பவில்லை. அதனால் அவருக்கு வெளியே வர வழி இல்லாமல் போயிற்று. அவள் வெள்ளவத்தையில் மாமி பத்மாவதியின் பிளற்றில் தங்கினாள்.

அப்போது கொழும்பில் தமிழ்ப் பிள்ளைகள் எல்லோரிடமும் போன் இருந்தது. ஆடம்பரத்துக்கு இல்லை, குண்டுக்கு. பஸ்ஸில் ஏறினால் ஒரு மிஸ் கோல், இறங்கினால் இன்னொரு மிஸ் கோல். எங்கேயாவது வெடித்தால் லைன் எல்லாம் அடைத்துக்கொள்ளும். அப்போது அம்மாமார் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு அந்த ஒரு மணிக்காகக் காத்திருப்பார்கள். "மகள், கதைக்காட்டியும் பரவாயில்ல, அடிச்சிட்டுக் கட் பண்ணு" என்று அப்பா தினமும் வாசலில் நின்று சொல்வார். பள்ளிக்கூடத்தில் போன் கூடாது என்று சட்டம். ஆனால் எந்த ரீச்சரும் பையைச் சோதித்ததில்லை, ஏனென்றால் அவர்களும் தாய்மார்தான். அந்தப் போனில் பிள்ளைகள் வேறு என்ன செய்கிறார்கள் என்று ஒரு பெற்றோரும் கேட்டதில்லை. உயிரோடு இருக்கிறோமா என்று மட்டும்தான் கேட்டார்கள்.

யசோதினியின் போன் மாமி பாவித்துக் கழித்தது. காதில் வைத்தால் கேட்காது, ஸ்பீக்கரில் போட்டால்தான் கேட்கும். வன்னியிலிருந்து வருகிற அழைப்பை ஊருக்குக் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டுக் கதைக்கக்கூடிய காலமா அது? பக்கத்து வீட்டுக்காரர் ஒரு சொல் சொன்னால் போதும், மாமியும் மருமகளும் பொலிஸ் நிலையத்து வாங்கில் இருக்க வேண்டியதுதான். அதற்காகத் தகப்பனும் மகளும் ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். ஒரு நாள் இடைவேளையில் பாணையும் சம்பலையும் பங்கு வைக்கும்போது அதை எனக்குச் சொன்னாள்.

"அப்பா கடையொண்டிலை வரிசையிலை நிண்டு ரெண்டு தரம் அடிச்சிட்டு வெட்டுவார். பிறகு பத்து நிமிசத்தாலை எடுப்பார். அதுக்கிடையிலை நான் ஆளில்லாத இடத்துக்குப் போயிடோணும். எந்த நம்பரிலை வருமெண்டு தெரியாது, சிலவேளை நம்பரே விழாது. உம்மட்டை மட்டும்தான் சொல்லுறன். ஒருத்தருக்கும் சொல்லாதையும்."

சொல்ல மாட்டேன் என்று தலையில் கைவைத்துச் சத்தியம் பண்ணினேன்.

இனி என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் வகுப்பில் சியாமளி என்று ஒருத்தி. வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த பிளற், லண்டனில் தகப்பன், கையில் கமரா போன். அவளும் அவளுடைய நாலைந்து தோழிகளும் வைத்ததுதான் வகுப்பில் சட்டம். காசுக்குச் "சல்லி", தம்பிக்கு "மல்லி" என்று துறைமுகப் பக்கத்துச் சொல்லோடு நான் வாய் திறந்தாலே "ஐயோ, ஹாபர் தமிழ்" என்று சிரிப்பார்கள். மூன்று வருடம் அந்தச் சிரிப்பைக் கேட்டு எனக்கு வயிறு எரிந்தது. அவர்களை வெறுத்தேன் என்று சொன்னால் பொய். அவர்களோடு ஒட்டிக்கொள்ள வேண்டும் என்று தவித்தேன். அதற்கு என் கையில் கொடுப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. ஒரே ஒரு ரகசியம் இருந்தது. யசோதினி கணக்கில் முதலாம் இடத்தைச் சியாமளியிடமிருந்து பறித்த கிழமை, அந்த ரகசியத்தைக் கொண்டுபோய் நானே அவர்கள் மடியில் வைத்தேன்.

அடுத்த நாளே விளையாட்டுத் தொடங்கியது. நம்பர் விழாத மாதிரிச் செய்துகொண்டு இரண்டு தரம் அடித்து வெட்டுவார்கள். யசோதினி கையை உயர்த்தி, "ரீச்சர், வெளியிலை போகட்டா?" என்று கேட்பாள். கன்ரீனுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போய்ப் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்பாள். பாடம் முடியும்வரை நின்றுவிட்டு வந்து, "லைன் கிடைக்கேல்லைப் போல, பாவம்" என்று என்னிடம் சொல்வாள். தன்னைப் பாவம் என்று அல்ல, வரிசையில் நின்று களைத்திருக்கும் தகப்பனை. நான் "ஓமோம்" என்று கொப்பியைப் பார்ப்பேன். பின்வாங்கில் சியாமளிக்குச் சிரிப்புத் தாங்காது.

சின்னப் பிள்ளைகள், தெரியாமல் செய்தது என்று யாரும் எனக்காகப் பேச வேண்டாம். எங்களுக்கு நன்றாகத் தெரியும். அதுதான் அதில் ருசி. பஸ்ஸில் கொண்டக்டர் எங்களை முறைத்தால் நாங்கள் குனிந்தோம், சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டினோம், வீட்டில் பொலிஸ் பதிவுப் பத்திரத்தைக் கதவுக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருந்தோம். பகல் முழுக்கப் பயந்து திரிந்த எங்களுக்கும் கீழே ஒருத்தி கிடைத்தாள். முகத்தைப் பார்க்காமல், பெயர் போடாமல், பெருவிரலால் ஒரு பட்டனை அமத்தினால் அவள் ஓடினாள்.

ஒரு வியாழக்கிழமை சியாமளி தன் கமரா போனை என்னிடம் தந்தாள். தொட்டிச் சுவருக்கு மறுபக்கம் ஒளிந்திருந்து யசோதினி நிற்பதை வீடியோ எடுத்து வரச்சொன்னாள். அந்த விலை உயர்ந்த போனை என்னை நம்பித் தந்தாளே என்று எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. போய் ஒளிந்தேன். அன்று இரண்டு தரம் அடித்து வெட்டியது சியாமளி கூட்டம் என்றுதான் நினைத்தேன். பத்து நிமிடத்தில் உண்மையாகவே போன் அடித்தது.

"அப்பா, கேக்குதா?" என்றாள். ஓடி வந்த மூச்சு அடங்காத குரல்.

"ஓம் பிள்ளை, கேக்குது. சாப்பிட்டியா? கண் நோகுதா?"

நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. ஒரு நிமிடத்துக்கும் மேல் ஓடியது. அவர் மழையைப் பற்றிக் கேட்டார், மாமிக்கு வீட்டு வேலையில் ஒத்தாசை செய்யச் சொன்னார். அவள் தலையாட்டிக்கொண்டே நின்றாள், அவர் பார்க்கிறார் என்ற நினைப்பில்.

அன்று பின்னேரமே அது புளூடூத்தில் பறந்தது. வெள்ளவத்தை ரியூஷன் வகுப்புகளுக்குப் போய், ஆண்பிள்ளைகள் கைக்கும் போய்விட்டது. யாரோ ஒரு கெட்டிக்காரன் அதன் தலையை மட்டும் வெட்டி றிங்ரோன் ஆக்கினான். பிறகு அவள் ஹம்டன் லேனால் நடந்து போனால் யாராவது ஒருவனின் சட்டைப் பையிலிருந்து அவளுடைய குரலே அவளைக் கூப்பிடும்: "அப்பா, கேக்குதா?" எஸ்.எம்.எஸ்கள் வந்தன. "புலி அப்பா சுகமா?" என்று ஒன்று. அந்த ஒரு சொல் அந்த வருடத்தில் ஒரு பிள்ளையை எங்கே கொண்டுபோய் விடும் என்று அனுப்பியவனுக்கும் தெரியும். அவள் ஒவ்வொன்றையும் வாசித்து அழித்தாள். வகுப்பில் யார் சிரித்தாலும் தன்னைத்தான் என்று நினைத்தாள். பெரும்பாலும் அது சரியாகவும் இருந்தது.

கட்டு அவிழ்த்த கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிற்று. இடைவேளையில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே மூடிவிடுவாள். காலையில் வயிற்றுக்குத்து, வாந்தி. பென்சிலால் எழுதும்போது மறுகையால் பின்னலிலிருந்து ஒவ்வொரு மயிராகப் பிடுங்குவாள். காதுக்கு மேலே ஓரிடம் வெளித்துவிட்டது. கணக்கில் தொண்ணூறு எடுத்தவள் முப்பத்துநான்கு எடுத்தாள். பத்மாவதி மாமி டொக்டரிடம் கொண்டுபோனார். சோதனைப் பயம் என்று சத்துக் குளிசை எழுதிக் கொடுத்தாராம். பிறகு ஒரு நாள் மாமியே எஸ்.எம்.எஸ் ஒன்றைப் பார்த்துவிட்டு, "எடியே, இந்தச் சனியன் நம்பரை மாத்தித் துலைப்பம்" என்றிருக்கிறார்.

"மாத்தேலாது மாமி. அப்பாட்டை இருக்கிறது இந்த நம்பர்தான்."

அதுதான் அவளுடைய சிக்கல் முழுவதும். நிறுத்தி வைக்கவும் முடியாது, மாற்றவும் முடியாது. எந்த வழியால் நாங்கள் கடித்தோமோ அந்த வழியால்தான் அவளுடைய அப்பா வர வேண்டும். அந்த ஒரு வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள்.

ஐப்பசி வந்தது. கிளிநொச்சியிலிருந்து சனங்கள் இடம்பெயர்ந்து போய்விட்டார்கள் என்று கேள்வி. அழைப்பு வருவது அருமையாகிவிட்டது. வெறுமனே அடித்து வெட்டுவது நாங்கள்தான் என்று அவளுக்கும் விளங்கிவிட்டது, நாங்களும் சலித்துவிட்டோம். ஒரு செவ்வாய்க்கிழமை மூன்றாம் பாடத்தில் அவளுடைய பைக்குள் போன் இரண்டு தரம் அதிர்ந்து நின்றது. நான் பக்கத்தில் இருந்தேன். அவள் கையை உயர்த்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கரும்பலகையைப் பார்த்தாள். பத்து நிமிடத்தில் திரும்ப அதிர்ந்தது. எடுத்துச் சிவப்புப் பட்டனை அமத்தினாள். திரும்பவும் வந்தது, திரும்பவும் அமத்தினாள். மூன்றாம் முறை பையின் அடியில் தள்ளிவிட்டாள். ஒரு முறையாவது எங்களை வென்றுவிட்ட சந்தோஷம் அவள் முகத்தில் தெரிந்தது. சியாமளி அந்தக் கிழமை காய்ச்சலில் கண் திறக்க முடியாமல் வீட்டில் கிடந்தாள். மற்றவர்கள் எல்லோரும் என் கண் முன்னால் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த நாள் காலையில் அவள் என்னைக் கேற்றடியில் பிடித்துக்கொண்டாள். சியாமளி காய்ச்சலில் கிடப்பதை யாரோ அவளிடம் சொல்லிவிட்டார்கள் போலும்.

"நேற்று மூண்டாம் பாடத்திலை அடிச்சது நீங்கள்தானே?"

நான் குனிந்து சப்பாத்தைப் பார்த்தேன்.

"கோவிக்க மாட்டன் செலீன். இனிமேலும் அடியுங்கோ, பரவாயில்லை. நீங்கள் எண்டு மட்டும் சொல்லும்."

"இல்ல," என்றேன். "நாங்க இல்ல."

அவள் கேற்றடியிலேயே, வெள்ளைச் சீருடையோடு நிலத்தில் இருந்துவிட்டாள். அழவில்லை. போனை எடுத்து, விழாத அந்த நம்பரைத் தேடித் தேடிப் பட்டனை அமத்திக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது, நாங்கள் அவளிடமிருந்து எடுத்தது என்ன என்று. எனக்குப் பதினாறு வயது. இன்றைக்கும் அந்தக் கேற்றடியைத் தாண்டும்போது எதிர்ப்பக்கத்து நடைபாதைக்கு மாறிவிடுவேன்.

மாமி பள்ளிக்கூடத்துக்கு வந்து கத்திவிட்டுப் போனார். வகுப்பாசிரியை இமெல்டா ரீச்சர் நல்ல மனுஷி. எல்லோருடைய போனையும் மேசையில் வரிசையாக வைக்கச் சொல்லி, யசோதினியைப் பக்கத்தில் நிறுத்தி, ஒவ்வொன்றிலும் இருந்த அந்தப் பதிவை அவள் கண் முன்னாலேயே அழிப்பித்தார். சியாமளியின் போனிலிருந்த முழுப் பதிவும் போயிற்று. ரியூஷன் வகுப்புக்காரரோடும் கதைத்து அங்கேயும் அழிக்கச் செய்தார். "இனி ஒரு இடத்திலையும் இல்லை பிள்ளை. சந்தோஷம்தானே?" என்று கேட்டார். யசோதினி ஓம் என்று தலையாட்டினாள். நாங்களும் பாவம் கழுவியதாக நினைத்தோம்.

அதற்குப் பிறகு தில்லைநாதனிடமிருந்து அழைப்பு வரவில்லை. தை, மாசி, பங்குனி. அவள் பள்ளிக்கூடத்தையும் விட்டுவிட்டாள்.

சித்திரையில் ஒரு செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் அவளைக் கண்டேன். செவ்வாயில் அங்கே நெற்றியில் திருநீறோடு பாதிக் கூட்டம் நிற்கும், அது புதினம் இல்லை. மெழுகுதிரி ஏற்றிவிட்டுத் திரும்பியவள் என்னைக் கண்டதும் ஓடி ஒளியவில்லை. நேரே வந்தாள்.

"உம்மைத்தான் தேடி வந்தனான். அந்த ரெக்கோடிங் உம்மட்டை இருக்கா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அழிச்சாச்சே. நீயும் பக்கத்தில நிண்டு பார்த்ததானே?"

"ஓம், நிண்டனான்." மெழுகு சொட்டிய விரலை உரசிக்கொண்டாள். "எனக்கு அப்பா சொன்னதெல்லாம் ஞாபகம் இருக்கு. குரல்தான் வருகுதில்லை. ஒவ்வொரு நாளும் யோசிச்சுப் பாக்கிறன், வேறை ஆற்றையோ குரலிலை வருது. உலகத்திலை அப்பான்ரை குரல் இருந்தது அதிலை மட்டும்தான்."

ஓர் ஊரையே சிரிக்க வைத்து அவளைக் கொன்ற பதிவை, அவளே வந்து கெஞ்சிக் கேட்கிறாள். நான் அவளை விட்டுவிட்டுப் போய் வேப்பமரத்தடியில் நின்று அழுதேன். பிறகு வந்து, தேடித் தருகிறேன் என்றேன்.

சியாமளி அதற்குள் லண்டன் போய்விட்டாள். மின்னஞ்சல் போட்டேன். "இன்னுமா அதை வைத்துக்கொண்டு இருக்கிறாய்?" என்று இரண்டு வரியில் பதில் வந்தது. ரியூஷன் பொடியன்களை ஒவ்வொருவனாகப் பிடித்தேன். நல்ல பிள்ளைகளாக எல்லோரும் அழித்துவிட்டிருந்தார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக, சொன்ன சொல் கேட்ட பிள்ளைகளைக் கண்டு எரிச்சல்பட்டேன். கடைசியில் ஒருவன், "றவூப் நானாவின்ர கடையிலதான் றிங்ரோன் வெட்டினது" என்றான்.

றவூப் காலி வீதியில் போன் திருத்துகிறவர். பழைய கொம்பியூட்டரில் ஆயிரம் றிங்ரோன் வைத்திருப்பார். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகத்தில் ஈயாடவில்லை. "அல்லாவே, இது ஒரு புள்ள வாப்பாவோட பேசினதா? பொடியன் நாடகம் எண்டுதானே சொன்னான்" என்றார். தேடுகிறேன், நாளாகும் என்றார். மூன்று கிழமை கழித்துக் கூப்பிட்டார். முழுவதும் இல்லை. வெட்டிய துண்டு மட்டும். நாலு விநாடி.

அதை வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போன நாள், யுத்தம் முடிந்தது என்று ரேடியோவில் சொன்ன நாள். அப்பா போக வேண்டாம் என்றார். மிஸ் கோல் தருகிறேன் என்று சொல்லிப் போனேன். காலி வீதி முழுக்கக் கொடி, பறை, வெடி. பஸ் நிலையத்தில் ஒருவர் சிரித்துக்கொண்டே, வெற்றிக்குப் பங்கிட்ட பாற்சோற்றுத் துண்டு ஒன்றை நீட்டினார். வேண்டாம் என்று சொல்லத் தைரியம் இல்லை. வாங்கித் தின்றேன். வெள்ளவத்தை ஒழுங்கைகளில் எல்லா ஜன்னலும் சாத்தியிருந்தது. பத்மாவதி மாமி கதவை ஒரு விரற்கடை திறந்து, நான்தான் என்று கண்டு உள்ளே இழுத்துக்கொண்டார்.

"கொஞ்சம்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டு என் போனை மேசையில் வைத்துப் பட்டனை அமத்தினேன்.

"அப்பா, கேக்குதா?" என்றது அவள் குரல். அதற்குப் பிறகு ஏதோ வந்தது. வெளியே வெடிச் சரம் ஒன்று அதை அடித்துக்கொண்டு போயிற்று.

"ஒண்டுமில்லையே," என்றாள். முகம் விழுந்துவிட்டது.

"இருக்குடி. சத்தியமா இருக்கு."

குளியலறைக்குள் போனோம். அங்கேயும் வெடி கேட்டது. கடைசியில் மாமியின் அலுமாரியைத் திறந்து, சீலைகளுக்கு நடுவே இரண்டு பேரும் முழங்காலை மடித்துக் குந்தியிருந்து, உள்ளிருந்து கதவை இழுத்துச் சாத்திக்கொண்டோம். கற்பூர உருண்டை மணம். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. போனை இரண்டு பேர் காதுக்கும் நடுவில் பிடித்தேன்.

"அப்பா, கேக்குதா?"

கொஞ்சம் இரைச்சல். அதற்குள்ளிருந்து, வரிசையில் நின்று களைத்த ஒரு ஆணின் குரல், கரகரப்பாக, ஆனால் சந்தோஷமாக: "ஓம்."

அவ்வளவுதான். வெட்டியவன் அந்த ஒரு சொல்லைத் தவறுதலாக விட்டு வைத்திருந்தான்.

அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். திரும்பப் போடச் சொல்லவில்லை. தன் விரலாலேயே தேடி அமத்தினாள். திரும்பவும், திரும்பவும். எத்தனை தரம் என்று நான் எண்ணவில்லை. என் தோளில் அவளுடைய கண்ணீர் ஊறியது. வெளியே ஊர் வெடித்துக்கொண்டே இருந்தது.

"நான் கேட்டனான்தானே," என்றாள் கடைசியில், இருட்டுக்குள். "கேக்குதா எண்டு நான் கேட்டனான். அவர் கேக்குதெண்டு சொன்னவர்தானே, செலீன்?"

"ஓம்," என்றேன்.